முதல் குடுவை யாருக்கு

எங்கள் பல்கலைக்கழகத்தில் நம்பிக்கைக்கென்று ஒரு தனிக் கட்டடம் இருக்கிறது. நம்பத்தகுந்த எந்திரங்களுக்கான அறவியல் ஆய்வகம் என்று வாசலில் பித்தளையில் பொறித்திருக்கும். கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி இயக்குநரிடம், மற்றதன் சாவி துணை இயக்குநரிடம். ஒருவர் வராத நாளில் மற்றவர் மரத்தடியில் உட்கார்ந்து நம்பிக்கையைப் பற்றிய தமது கட்டுரையைத் தொடர்வார். சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்கு எண்பூட்டு. அந்த எண் அடிக்கடி மாறும். மாற்றியவருக்கே சில சமயம் தெரியாது.

இயக்குநர் டாக்டர் பால்தசார் நல்ல மனிதர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாமல் வருவார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் மட்டும் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அவருடைய ஆய்வு வாழ்க்கை கோழிப்பண்ணை அறவியலில் தொடங்கியது. அப்புறம் மரபணு அறவியல். அப்புறம் நுண்துகள் அறவியல். இப்போது செயற்கை நுண்ணறிவும் ரோபோவும். எங்கே ஆராய்ச்சிப் பணம் பெருக்கெடுத்து ஓடுகிறதோ அங்கேதான் அறம் வறண்டு கிடக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. எந்திரத்தை எப்படி நம்புவது என்று அவர் எழுதிய தடித்த புத்தகத்தை மாணவர்கள் எல்லாரும் படித்தாக வேண்டும். படித்திருப்பார்களா என்று அவருக்குச் சந்தேகம். அதனால் பரீட்சையும் உண்டு.

அந்த ஆய்வகத்தில் ஒதீலியா தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு மார்ச்சிலும் நியமனம், ஒவ்வொரு டிசம்பரிலும் நிறுத்தம் என்று தலைமுடி நரைக்கிறவரைக்கும் தற்காலிகமாகவே இருந்துவிட்டார். முதலாண்டு வகுப்புகள் முழுக்க அவர்தான் எடுத்தார். மற்றவர்களுக்கு மாநாடுகள் இருந்தன.

அவருடைய கணவர் ஃபெர்மின் வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கும் எந்திரத்தோடு படுத்திருப்பவர். செலவைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொண்டிருந்தது. மார்ச்சில் மறுநியமனம் வராமல் ஒதீலியாவின் வேலை போனால் காப்பீடும் போகும். அப்புறம் அரசு மருத்துவமனையின் வரிசைதான். அந்த வரிசையில் காத்திருந்தவர்களின் துக்கப் பூசைகளுக்கு நான் போயிருக்கிறேன்.

ஒருவழியாக அந்த இடத்தை நிரந்தரமாக நிரப்பப் பகிரங்கப் போட்டி அறிவித்தார்கள். எங்கள் நாட்டில் பேராசிரியர் பதவி அப்படித்தான் கிடைக்கும். குலுக்கலில் ஒரு தலைப்பு வரும். அதைப் பற்றித் தேர்வுக்குழுவின் முன்னால், அந்தப் பழுத்த அறிஞர்களை முதலாண்டுப் பிள்ளைகளாகப் பாவித்து வகுப்பு நடத்திக்காட்ட வேண்டும். போட்டி இரண்டு முறை தள்ளிப்போயிற்று. முதல் முறை, குலுக்கல் உருண்டைகள் எல்லாம் ஒரே எடைதானா என்று டாக்டர் பால்தசாருக்குச் சந்தேகம் வந்து, அவற்றை நிறுத்துப் பார்க்க அனுப்பினார். இரண்டாம் முறை, எடைபோட்ட தராசைச் சோதிக்க அனுப்பினார்.

மூன்றாம் முறையும் நடக்காவிட்டால் போட்டி செல்லாது. பணியிடம் ரோபோ பொறியியல் துறைக்குப் போய்விடும். கடைசி நாள், டிசம்பரின் கடைசி வேலைநாள். பகல் பன்னிரண்டுக்குள் முதல் வகுப்பு தொடங்கிவிட வேண்டும். பன்னிரண்டுக்குக் காவலாளி கட்டடத்தைப் பூட்டிக்கொண்டு மதியத் தூக்கத்துக்குப் போய்விடுவார். எங்கள் ஊரில் ஊழிக்காலமே வந்தாலும் நாலு மணிக்கு மேல்தான் வரவேண்டும்.

நான் பக்கத்துக் கட்டடத்தில் தர்க்கம் கற்பிப்பவன். போட்டிக்கு என்னைப் பார்வையாளராகப் போட்டிருந்தார்கள். விதிப்படி பார்வையாளருக்குக் கண் உண்டு, வாய் கிடையாது. நடந்ததையெல்லாம் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

சிக்கல் மாத்தேயில் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் மாத்தே இல்லாமல் ஒரு கூட்டம் கூடாது, ஒரு சாவு விழாது, ஒரு கல்யாணம் முறியாது. சுரைக்குடுவையில் இலைத்தூளை நிரப்பி, வெந்நீர் விட்டு, அதே குடுவையை ஆளுக்கு ஒரு முறை நிரப்பி, ஒரே குழலால் சுற்றிக் குடிப்போம். ஒருவர் வாய் வைத்த குழலில் இன்னொருவர் வாய் வைப்பது பற்றி இங்கே யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. டாக்டர் பால்தசார் நினைத்துப் பார்த்தார். தேர்வுக்குழுவில் யாரோடாவது ஒரே குழலில் மாத்தே குடித்தவர் அந்த உறவை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார். அறிவிப்புகள் வந்தன. பார்த்தால், எல்லாரும் எல்லாரோடும் குடித்திருந்தார்கள்.

"ஊரே உறவா இருக்கு. இப்படி இருந்தா நடுநிலைக்கு எங்க போறது?" என்று அவர் நொந்துபோனார்.

போனதை விட்டுவிட்டு, போட்டி நாளில் மட்டும் மனிதக் கை படாத மாத்தே என்று முடிவாயிற்று. ரோபோ பொறியியல் துறையிடம் தோபியாஸ் என்று ஒரு ரோபோ இருந்தது. சக்கரம் வைத்த பெட்டி, அதன்மேல் ஒரு கை, ஒரு தட்டு, திரையில் இரண்டு நீலக் கண்கள். முதியோர் இல்லங்களில் மாத்தே ஊற்றிக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. இல்லத்தில் இருந்தவர்கள் அதை ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்பது பற்றி டாக்டர் பால்தசார் பல கட்டுரைகள் வெளியிட்டிருந்தார். அவர்களிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டால் ஆய்வில் சாய்வு வந்துவிடும்.

அன்று காலை ஒன்பது மணிக்கே வெயில் சுவரில் ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்து வைத்திருந்தோம். தேர்வுக்குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர் டாக்டர் பால்தசார். வலப்பக்கம் தலைநகரிலிருந்து வந்திருந்த டாக்டர் கிரிசெல்தா. எந்திரம் தன் முடிவுக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய துறை. இடப்பக்கம் டாக்டர் அனீபல். எந்திரம் தவறு செய்தால் யார் பொறுப்பு என்று நாற்பது ஆண்டாக ஆராய்ந்து, தாம் பொறுப்பில்லை என்பதுவரை நிறுவியிருந்தவர். ஒதீலியா வெளியே நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் வகுப்பு அவருடையது. இன்னொரு போட்டியாளர் பவுத்தாசோ, டாக்டர் பால்தசாரின் செல்லச் சீடர். அவர் முற்றத்துக்கு அப்பால், சத்தம் எட்டாத தூரத்தில்.

தோபியாஸ் குடுவையில் வெந்நீர் ஊற்றித் தட்டில் வைத்து டாக்டர் கிரிசெல்தாவிடம் நீட்டியது.

"முதல்ல தலைவர்" என்றார் அவர்.

"சேச்சே, விருந்தாளி நீங்க."

"அனீபல், நீங்கதான் பெரியவர்."

டாக்டர் அனீபல் குடுவையை உற்றுப் பார்த்தார். "வழக்கமா ஊத்துறவங்கதானே முதல் குடுவையைக் குடிப்பாங்க? கசப்பும் தூசியும் அவங்களோட போகும். இது எப்படிக் குடிக்கும்?"

எல்லாரும் தோபியாஸைப் பார்த்தார்கள். அது இரண்டு கண்களையும் சிமிட்டியது.

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டர் பால்தசார். குரல் தாழ்ந்தது. "இதை அனுப்பினது யாரு?"

"ரோபோ துறை."

"போட்டி நடக்கலைன்னா இந்த இடம் யாருக்குப் போகும்?"

டாக்டர் அனீபல் நாற்காலியைக் குடுவையிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். "பேதி மருந்தா இருக்குமோ? மூணு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினா கூட்டம் கலைஞ்சிடும். மணி பன்னிரண்டாயிடும். சுத்தமான வேலை!"

"நான் அப்படிச் சொல்லல. அப்படி இல்லைன்னு நிரூபணம் இல்லைன்னு சொல்றேன்" என்றார் டாக்டர் பால்தசார்.

டாக்டர் கிரிசெல்தா ரோபோவின் பக்கம் குனிந்தார். "தோபியாஸ், இந்தக் குடுவையில என்ன இருக்கு?"

"மாத்தே இலை, தண்ணீர். எண்பது பாகை."

"வேற ஏதாவது?"

"அன்பு" என்றது தோபியாஸ். முதியோர் இல்லத்துக்காக அப்படிச் சொல்லப் பழக்கியிருந்தார்கள்.

டாக்டர் கிரிசெல்தா நிமிர்ந்தார். "கேட்டீங்களா! விளக்கம் சொல்லாத எந்திரம் ஆபத்துன்னு இருபது வருஷமா சொல்லிட்டு வர்றேன். விளக்கம் சொல்ற எந்திரம் அதைவிட ஆபத்து. அந்த விளக்கத்தை யார் எழுதிக் குடுத்தாங்க?"

முதல் குடுவையைக் கொட்டிவிடலாம் என்று டாக்டர் அனீபல் சொன்னார். நியாயமாகப் பட்டது. தோபியாஸ் அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு அடுத்ததை ஊற்றி நீட்டியது.

"இப்போ இதுதானே முதல் குடுவை?" என்றார் டாக்டர் பால்தசார்.

"இது ரெண்டாவது."

"ஊத்தின கணக்குல ரெண்டாவது. குடிக்கிற கணக்குல முதல். இதுக்கு முன்னாடி யாராவது குடிச்சாங்களா?"

இல்லை. அதையும் கொட்டினார்கள். அடுத்ததுக்கும் அதே கேள்வி வந்தது. அதற்கும் அதே பதில் சரியாகப் பொருந்தியது. தர்க்கம் கற்பிப்பவன் என்ற முறையில் நான் இதில் ஒரு பிழையும் காணவில்லை. பிளாஸ்கு காலியாயிற்று. தோபியாஸ் போய் நிரப்பிக்கொண்டு வந்தது. இலை சாரமிழந்து வெளிறிப்போக, புது இலை போட்டார்கள். புது இலை என்றால் புது முதல் குடுவை. விவாதம் ஆரம்பத்திலிருந்து தொடங்கியது.

"மாத்தே இல்லாமலே ஆரம்பிச்சா என்ன?" என்றார் டாக்டர் கிரிசெல்தா.

"குடிக்கலைன்னா எந்திரத்தை நம்பலைன்னு ஆகும். ஆய்வகத்தோட பேர் என்னாகும்? இதுக்குப் பணம் குடுத்த அறக்கட்டளை நாம குடிக்கிற மாதிரி படம் கேட்டிருக்கு" என்றார் தலைவர். "நம்பிக்கை பெரிய சொத்துங்க. நான் முப்பது வருஷமா சிறுகச் சிறுகச் சேர்த்தது. அதை ஒரே நாள்ல ஒரு குடுவையில போட்டுச் செலவழிக்கச் சொல்றீங்களா?"

"நான் குடிச்சு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்று கேட்டார் டாக்டர் அனீபல். "எந்திரமா, செஞ்சவனா, ஊத்தச் சொன்ன தலைவரா? இது தீராம நான் வாய் வைக்க மாட்டேன். நாற்பது வருஷமா தீரலைங்கறதையும் சொல்லிடறேன்."

பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள். பார்வையாளர் குடிக்கலாமா என்று விதிகளைப் புரட்டினார்கள். எனக்கு வாய் கிடையாது என்பது விதியிலேயே இருந்தது. கடவுள் என்னைக் காப்பாற்றினார் என்று அப்போது நினைத்தேன். இப்போது அதற்காக வெட்கப்படுகிறேன்.

பன்னிரண்டுக்குக் கால்மணி இருக்கையில் காவலாளி நடைவழியில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். "டாக்டருங்களா, முடிஞ்சுதா? வீட்டுல சோறு ஆறுது!"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா" என்றார் தலைவர்.

அப்போதுதான் ஒதீலியா உள்ளே வந்தார். அழைக்காமல் போட்டியாளர் உள்ளே வரக்கூடாது. வந்தார். எல்லாவற்றையும் திறந்த கதவு வழியாகக் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. தோபியாஸின் தட்டிலிருந்த குடுவையை எடுத்தார். குழலில் வாய் வைத்து, கசப்புக்கு முகம் சுளிக்காமல், குடுவை கொர்ரென்று சத்தமிடும்வரை உறிஞ்சினார். பிறகு பிளாஸ்கை வாங்கி, நிரப்பி, டாக்டர் அனீபலிடம் நீட்டினார்.

"குடிங்க டாக்டர். தொண்டை வறண்டு போய் உக்காந்திருக்கீங்க."

டாக்டர் அனீபல் குடுவையை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"ஒதீலியா" என்றார் டாக்டர் பால்தசார் மெல்ல. "இப்போ எப்படி இருக்கு உங்களுக்கு?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

"வயித்துல ஏதாவது... ஒரு மாதிரி?"

"இல்லையே."

"உடனே தெரியாது" என்றார் டாக்டர் அனீபல். "முக்கால் மணி நேரம் பாக்கணும்."

"பாத்துத்தான் ஆகணும்" என்றார் டாக்டர் கிரிசெல்தா. "கண்ணை எடுக்காம."

ஒதீலியா கடிகாரத்தைப் பார்த்தார். "நான் ஓடுறேனான்னு நீங்க எப்படியும் பாத்துட்டுத்தானே இருக்கப்போறீங்க? அதுவரைக்கும் நான் வகுப்பை நடத்திடறேனே."

விதியில் இதற்குத் தடை எதுவும் இல்லை. பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடம் இருக்கையில் வகுப்பு தொடங்கியது. கூட்டம் நடக்கையில் கட்டடத்தைப் பூட்டக்கூடாது என்பதால் காவலாளி பெருமூச்சு விட்டுக்கொண்டு வாசற்படியில் படுத்தார்.

நான் எத்தனையோ போட்டிகளைப் பார்த்திருக்கிறேன். தேர்வுக்குழுவில் ஒருவர் தூங்குவார், ஒருவர் கைபேசியைத் தடவுவார், ஒருவர் ரயில் நேரத்தைப் பார்ப்பார். அன்று மூவரும் இமைகொட்டவில்லை. ஒதீலியாவின் முகத்தில் ஒரு துளி வியர்வை அரும்பினாலும் மூன்று தலைகள் முன்னால் நீண்டன. அவர் கையை வயிற்றருகே கொண்டுபோனால் மூச்சு நின்றது. அறவியல் வகுப்பு ஒன்றை அறவியல் அறிஞர்கள் அவ்வளவு கூர்ந்து கேட்டு நான் கண்டதில்லை.

குலுக்கலில் அவருக்கு வந்திருந்த தலைப்பு, எந்திரத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை.

"பிள்ளைங்களா," என்று அந்த மூன்று வழுக்கைக்கும் நரைக்கும் சொன்னார், "என் வீட்டுக்காரர் வாரத்துல மூணு நாள் ஒரு எந்திரத்தோட படுத்திருக்கார். அவரோட ரத்தம் முழுக்க அதுக்குள்ள போயிட்டு வருது. 'இதை நம்புறியா'ன்னு ஒருநாள் கேட்டேன். 'எந்திரத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஊசி குத்துறதுக்கு முன்னாடி அந்த நர்ஸ் தன் கையைத் தேய்ச்சுச் சூடு பண்ணிக்குது. அதைத்தான் நம்புறேன்'னார். மாத்தே ஊத்துறவங்க முதல் குடுவையை ஏன் குடிக்கிறாங்க? கெட்டதா இருந்தா தன்னோட போகட்டும்னு. தோபியாஸ் அழகா ஊத்தும், தண்ணி சிந்தாது. ஆனா கெட்டதா இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதனால எந்திரம் நல்லதா கெட்டதான்னு அதையே போய்க் கேக்காதீங்க. யாருக்குக் கடன் குடுக்கலாம், யாரை வேலைய விட்டுத் தூக்கலாம்னு சொல்ற எந்திரத்தை ஒருத்தர் கொண்டு வந்தா, அவரைக் கேளுங்க: உங்க வீட்டு ஆளுக்கு இதை முதல்ல வச்சுப் பாத்தீங்களா? முதல் குடுவையை நீங்க குடிச்சீங்களா?"

இப்படி நாற்பது நிமிடம் போயிற்று. ஒதீலியா ஓடவில்லை. முடிந்ததும் டாக்டர் அனீபல் ஆறிப்போன குடுவையை மடக்கென்று காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டார். பிறகு டாக்டர் கிரிசெல்தா. கடைசியாக, குழலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, டாக்டர் பால்தசார்.

அடுத்து பவுத்தாசோவை அழைத்தார்கள். ஒரு போட்டியாளர் முதல் குடுவையைக் குடித்திருப்பதால், சமநிலைக்காக மற்றவரும் குடிக்க வேண்டும் என்று தலைவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். புது இலை போட்டு முதல் குடுவையை நீட்டினார்கள்.

பவுத்தாசோ குடுவையைப் பார்த்தார். வரிசையாக எல்லாரையும் பார்த்தார். "எனக்கு எதுக்கு இது?"

"சும்மா ஒரு மரியாதைக்குப்பா, குடி" என்றார் டாக்டர் பால்தசார்.

"சும்மாவா?" அவர் முகம் வெளுத்தது. "உங்க புத்தகத்துல மூணாவது அத்தியாயத்துல என்ன எழுதியிருக்கீங்க டாக்டர்? 'ஆதாயமில்லாமல் கொடுப்பவனையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.' நான் மனப்பாடம் பண்ணியிருக்கேன். இது எனக்கு வச்ச பொறி. என்னை ஓட வச்சுட்டு அந்தம்மாவுக்கு இடத்தைக் குடுக்கப் பாக்குறீங்க!"

"டேய், ஒண்ணும் இல்லடா அதுல. நானே இப்பதான் குடிச்சேன்."

"அப்படித்தானே சொல்வீங்க!"

குடிக்க மறுத்து, வகுப்பும் எடுக்காமல், ஆட்சேபணை தாக்கல் செய்வதாகச் சொல்லிவிட்டு அவர் வெளியேறினார். டாக்டர் பால்தசார் அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய புத்தகத்தை ஒழுங்காகப் படித்திருந்த ஒரே மாணவர் அவர்தான்.

வாசற்படியருகே பவுத்தாசோ தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து பயத்தில் எதுவும் சாப்பிடவில்லையாம். ஒதீலியா போய்த் தம் பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து, ஒரு துண்டைத் தாம் வாயில் போட்டுக்கொண்டு, மீதியை அவரிடம் கொடுத்தார். அவர் வாங்கித் தின்றார். அதைத் தேர்வுக்குழு பார்க்கவில்லை. உள்ளே அவர்கள் முடிவு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எழுதுமுன் ஒதீலியாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"எதுக்காகக் குடிச்சீங்க?" என்றார் தலைவர்.

"தண்ணி ஆறிட்டு இருந்துச்சு டாக்டர்."

"அது காரணமா?"

"டாக்டர் அனீபலுக்குத் தாகமாவும் இருந்துச்சு."

"சரி. உண்மையான காரணம்?"

ஒதீலியா யோசித்தார். வேலை வேண்டும், ஃபெர்மினுக்குக் காப்பீடு வேண்டும் என்றார். தலைவரின் முகம் மலர்ந்தது. ஒரு நோக்கம் கிடைத்துவிட்டது. "ஆனா அதுக்காகன்னா, பேதி ஆனா வகுப்பே போயிடுமே, அப்போ அதைக் குடிச்சிருக்கக் கூடாதே" என்றார் டாக்டர் கிரிசெல்தா. தலைவரின் முகம் மறுபடி சுருங்கியது.

முடிவில் இப்படி எழுதினார்கள்: போட்டியில் ஒதீலியா முதலிடம். பணியிடம் அவருக்கே. ஆனால் முதல் குடுவையை அவர் குடித்ததன் நோக்கம் நிறுவப்படவில்லை. அதை ஆராய மூவர் குழு அமைக்கப்படுகிறது. அறிக்கை வரும்வரை நியமனம் தற்காலிகமானது. விசாரணை நிலுவையில் இருப்பதால் டிசம்பரில் நிறுத்தவும் இயலாது.

ஒதீலியா அதை இரண்டு முறை படித்தார். கடைசி வாக்கியத்தை மூன்றாவது முறையும் படித்தார். பிறகு நடைவழிக்குப் போய் ஃபெர்மினைக் கைபேசியில் அழைத்தார். "இல்லீங்க, இன்னும் தற்காலிகம்தான்... அழல... நிறுத்த முடியாதாம்."

இது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நோக்கத்தை ஆராயும் குழு வியாழன்தோறும் கூடுகிறது. டாக்டர் பால்தசார், டாக்டர் அனீபல், தலைநகரிலிருந்து ரயிலேறி வரும் டாக்டர் கிரிசெல்தா. பார்வையாளராக நானும் போகிறேன். தோபியாஸ் கிடங்கில் இருக்கிறது. ஒதீலியா வெந்நீர் கொண்டுவந்து, முதல் குடுவையைத் தாம் குடித்துவிட்டு, நிரப்பி வலப்பக்கம் கொடுக்கிறார். குழல் மூன்று வாய்களைச் சுற்றி வருகிறது. கைக்குட்டையை யாரும் எடுப்பதில்லை. மகள் கல்யாணம், மூட்டு வலி, ஃபெர்மினுக்கு இந்த வாரம் எப்படி என்றெல்லாம் பேசுகிறார்கள். மணி பன்னிரண்டை நெருங்கியதும் டாக்டர் பால்தசார் தொண்டையைச் செருமுகிறார்.

"சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தம்மா எதுக்காகக் குடிச்சாங்கன்னு யாருக்காவது ஏதாவது பிடிபட்டுச்சா?"

குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு மூவரும் ஆழ்ந்து யோசிக்கிறார்கள். பிடிபடவில்லை என்று எழுதி, அடுத்த வியாழனுக்குத் தள்ளிவைக்கிறார்கள்.